கிழவன் மேலே வந்த சனிக்கிழமை

மேவிஸ் கிராட்டனைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் அவளுடைய கத்தரியைத்தான் முதலில் சொல்வார்கள். முள் வெட்டுகிற கத்தரி, சிவப்புப் பிடி, இடுப்பு பெல்ட்டில் தொங்கும். சர்ச்சுக்குப் போனாலும் தொங்கும். பாதிரியார் ஒருமுறை, "ஏன் மேவிஸ், கர்த்தர் வீட்டுல முள்ளு இல்லையே" என்றார். "பின்னாடி கல்லறைப் பக்கம் போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்று மத்தியானமே அங்கிருந்த முள்ளையெல்லாம் வெட்டி எரித்துவிட்டாள்.

எங்கள் வெர்லோ ஊரைச் சுற்றியுள்ள நடைபாதைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பஞ்சாயத்து கொடுத்த பொறுப்பு, சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கென் கல்குவாரியில் செத்த வருடம் நடக்க ஆரம்பித்தாள். "வீட்ல உக்காந்தா நாற்காலி என்னையே பாக்குது கண்ணு" என்பாள். எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான், எழுபது வயதுக்காரனும் கண்ணு, அவள் திட்டுகிற ஆளும் கண்ணு. நடக்க நடக்கப் பாதையில் கிடந்த கிளையை எடுத்துப் போட்டாள், பிறகு கத்தரி வாங்கினாள், பிறகு மஞ்சள் அம்புக்குறிகளை அவளே அடித்தாள். இருபத்துநாலு வருடம் அப்படியே போனது.

அவளுடைய பெரிய சாதனை என்று சொன்னால் அது ஏழு தாண்டுபடி நடை. எங்கள் பக்கம் வயலுக்கு வயல் கல்சுவர்தான். ஆள் ஏறித் தாண்ட, சுவரிலேயே நாலைந்து கல்லை வெளியே நீட்டி வைத்திருப்போம், அதுதான் தாண்டுபடி. நான் சுவர் கட்டுகிறவன். அந்த ஏழில் மூன்று நான் கட்டியது. ஊர்க் கிணற்றில் தொடங்கி, ஏழு சுவர் தாண்டி, மேட்டிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, கிளைவ் ஆல்சப்பின் டீக்கடையில் கொண்டுவந்து விடும். நாலு மைல். அவளே படம் போட்டு, "இங்கே நாயைக் கயிற்றில் பிடிக்கவும்" என்றெல்லாம் எழுதிய ஒற்றைத் தாள் டீக்கடையில் இருக்கும். கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது பேர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள்.

முதலில் அந்தப் பாதை மேட்டுக்குப் போகவில்லை. ஒரு பண்ணை வீட்டு முற்றத்தின் நடுவே போனது. அங்கே நாய்கள் கடித்தன, பண்ணைக்காரன் கத்தினான். மேவிஸ் மூன்று வருடம் மாவட்ட ஆபீஸுக்கு எழுதி எழுதி, பாதையைப் பெரிய மேய்ச்சல் வழியாகத் திருப்பிவிட்டாள். திருப்புவதற்கு முன்னால் ஒரு பழைய வரைபடம் பார்த்தார்கள். பெரிய மேய்ச்சலில், ஐந்தாம் தாண்டுபடி வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. "அது அடைச்சாச்சு" என்றார் ஆபீஸ்காரர். மேவிஸ் சரி என்றாள். எதை வைத்து அடைத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. இதை அவளே என்னிடம் சொன்னாள், இந்தக் கதை நடந்த வருடம் ஜூன் மாதம்.

அந்த வட்டம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குழியின் வாய். எங்கள் பக்கத்தில் முன்னூறு வருடம் ஈயம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை, அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிழவன் என்று பெயர். அவர்கள் விட்டுப்போன குழிக்கும் பொந்துக்கும் சுரங்கத்துக்கும் அதே பெயர்தான். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாரை உள்ளே போனால் "இங்க கிழவன் இருக்கான்" என்போம். பூமி உள்வாங்கினால் "கிழவன் மேல வர்றான்" என்போம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூரிலிருந்து குடிவருகிறவர்களுக்கு மட்டும் சொல்லமாட்டோம். "மேட்டுப் பக்கம் கிழவனைப் பாத்தீங்களா? போய்ப் பேசுங்க, நல்ல மனுஷன்" என்று அனுப்பிவிட்டு, அவர்கள் ஆளைத் தேடி அலைவதைப் பார்த்துச் சிரிப்போம். அற்பச் சந்தோஷம். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை.

அந்த வருடம் குளிர்காலம் முழுக்க மழை. வசந்தத்திலும் விடவில்லை. கிணற்றுத் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, மேவிஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"லென், கடப்பாரையை எடுத்துக்கிட்டு வா."

"டீ குடிக்கிறேன் மேவிஸ்."

"அதை வந்து குடி. ஆறிப்போனா நான் போட்டுத் தரேன்."

பெரிய மேய்ச்சலுக்குப் போனோம். ஐந்தாம் தாண்டுபடிக்கு இப்பால் பத்தடியில் புல் லேசாகக் குழிந்திருந்தது, ஒரு மாடு படுத்து எழுந்த மாதிரி. சுற்றிலும் வயல் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குழிந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"ஆடு ஒண்ணுகூட இந்தப் பக்கம் படுக்க மாட்டேங்குது. மூணு வாரமா பாக்கறேன்."

கடப்பாரையால் நாலு இடத்தில் குத்தினேன். மூன்று இடத்தில் மண் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. நாலாவது இடத்தில் கடப்பாரை என் கையை விட்டு ஒரு முழம் தானாக இறங்கியது. பிடித்து இழுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது, பூட்டிக்கிடந்த சர்ச்சைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. "இந்த வாரம் தாங்கும். திருவிழா முடியட்டும், திங்கக்கிழமை ஆபீஸுக்குச் சொல்லிக்கலாம்" என்றேன்.

"தாங்குமா?"

"இத்தனை வருஷம் தாங்கலையா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இந்தப் பாதையை இங்க கொண்டுவந்தது நான், லென். இதுல ஒருத்தர் விழுந்தா அவங்களை நான்தான் தள்ளினேன்னு அர்த்தம்" என்றாள்.

அன்றைக்கே ஆபீஸுக்குப் போன் செய்தாள். பார்க்கிறோம், பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். அவளே சிவப்பு வெள்ளை நாடா வாங்கி, குச்சி நட்டு, குழியைச் சுற்றியும் தாண்டுபடியின் குறுக்கேயும் கட்டினாள். புதன் காலை போனால் நாடா இல்லை. மறுபடி கட்டினாள். வியாழன் மறுபடி இல்லை. கிளைவ் ஆல்சப்தான் அவிழ்த்தான். டீக்கடைக்காரன் மட்டுமில்லை, திருவிழாக் கமிட்டித் தலைவனும் அவன்தான். அதை அவன் மறைக்கவுமில்லை.

"பொதுப் பாதையை அடைக்க உனக்கு அதிகாரம் இல்ல மேவிஸ். ஆபீஸ்காரன் வந்து அடைக்கட்டும், நான் தொடமாட்டேன். சனிக்கிழமை ஒன்பது பஸ் வருது. மேட்டுக்குப் போக வழியில்லேன்னா அந்த ஜனம் என்ன பண்ணும், உன் கத்தரியைப் பாத்துக்கிட்டு நிக்குமா?"

"உன் அப்பன் பொறந்த ஊரு கிளைவ் இது. கிழவனைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?"

"எங்க அப்பன் காலத்துலேருந்து அங்க மாடு மேயுது. மாட்டைவிடவா டூரிஸ்ட் கனம்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேவிஸ் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அவள் போய்விட்டாள். நாடா கட்டினால் அவிழ்க்கிறான், ஆளை அவிழ்க்க முடியுமா என்று ஒரு மடக்கு நாற்காலி, பிளாஸ்க், மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு ஐந்தாம் தாண்டுபடிக்கு அந்தப் பக்கம், மேட்டுப் பக்கச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்புவது என்று முடிவு.

எங்கள் கிணற்றுத் திருவிழா சின்ன விஷயமில்லை. பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண் அப்பி, அதில் பூவிதழ், பாசி, விதை எல்லாம் ஒன்றொன்றாகக் குத்திப் படம் செய்வோம். நாலு நாள் வேலை. சனிக்கிழமை காலை கிணற்றின் மேல் தூக்கி நிறுத்துவோம், பத்தரைக்குப் பாதிரியார் ஆசீர்வதிப்பார், பித்தளை வாத்தியம் வாசிப்பார்கள். அன்று வெயில் இல்லை, மழையும் இல்லை. வானம் ஈயக் கலரில் தாழ்ந்து கிடந்தது. ஊர் முழுக்க வெளியூர் ஜனம். பலகையைத் தூக்கி நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஹால் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரம். ஹாலுக்குள் போன் அடித்தது. எடுத்தது ஜாஸ்பர்.

ஜாஸ்பர் எங்கள் பஞ்சாயத்துக்குப் புதுக் கிளார்க். தெற்கே எங்கிருந்தோ வந்து எட்டு மாதம். நல்ல மனிதன், எதையும் எழுதி வைத்துக்கொள்வான், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவான். அதனாலேயே ஊரில் அவனைச் சீண்டாதவர் கிடையாது. கிழவனைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏப்ரலில் ஒருமுறை கிழவனைப் பார்க்க அவனை மேட்டுக்கு அனுப்பியிருந்தோம். ஒரு மணி நேரம் தேடிவிட்டு வந்து, "அவர் வீட்ல இல்ல போல" என்றான். ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

போனில் மேவிஸ். மேட்டில் போன் சரியாக எடுக்காது, சுவர் மூலையில் ஓரிடத்தில் மட்டும் விட்டு விட்டு எடுக்கும். அவள் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழிந்த புல்லின் நடுவில் வாளி அகலத்துக்கு மண் சத்தமில்லாமல் உள்ளே போயிருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான், பின்னால் எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் அவள் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்ததால் எனக்கு மனப்பாடம்: "ஐந்தாம் தாண்டுபடிகிட்ட கிழவன் மேல வந்துட்டான். ரொம்ப மோசமா இருக்கான். சீக்கிரம் ஆளுங்களை அனுப்பு." அதோடு போன் கட்டாகிவிட்டது.

குழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுபத்தொரு வருடமாக அந்தக் குழிக்கு அவள் வாயில் வேறு பெயர் வந்ததில்லை.

ஜாஸ்பர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! மேட்டுப் பாதையில, ஐந்தாவது தாண்டுபடிகிட்ட ஒரு வயசானவர் ரொம்ப மோசமான நிலைமையில இருக்காராம். மேவிஸ் போன் பண்ணாங்க. நடக்க முடிஞ்சவங்க தயவு செஞ்சு என்கூட வாங்க!"

உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். பையன் தேறிவிட்டான், நம்மையே திருப்பிக் கேலி பண்ணுகிறான் என்று நினைத்தோம். வாத்தியக்காரன் ஒருவன், "கிழவனுக்கு ஒரு பீர் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி!" என்று கத்தினான். நானும் சிரித்தேன். டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தேன்.

வெளியூர்க்காரர்கள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள், கூடாரம் போட்டிருந்தவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பின்னால் போனார்கள். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண்மணி என்னிடம், "என்ன ஜென்மங்கய்யா நீங்க?" என்று கேட்டே விட்டாள். அதற்கும் ஒருவன் சிரித்தான்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். தற்செயலாகத் திரும்பியபோது கிளைவ் ஆல்சப்பைப் பார்த்தேன். டீக்கடை வாசலில் தட்டோடு நின்றான். அவன் சிரிக்கவில்லை. மேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிட்டே போனேன். "இன்னைக்குக் காலையிலயும் நாடாவை அவுத்தியா?"

"நேத்து ராத்திரியே..." என்றான். "லென், ஜாஸ்பர் விளையாடலை. அவனுக்குத் தெரியாது. அவன் நிஜமாவே ஆளைத் தேடிப் போறான்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

ஜாஸ்பர் பேசத் தொடங்கியதுமே அவனுக்குப் புரிந்திருக்கிறது. சொன்னால் நாடாக் கதை வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அடிக்க நேரமில்லை. வண்டியைக் கிளப்பினேன், அவனும் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

மேய்ச்சலின் இடதுபுறமாகத் தார் போட்ட ஒரு வண்டிப்பாதை மேலே ஏறும். பாதி வழியில் ஒரு இரும்புக் கேட் உண்டு. அங்கே வண்டியை நிறுத்தியதும் வயல் முழுக்கத் தெரிந்தது.

ஜாஸ்பர் ஒழுங்கான மனிதன் என்றேனே. அவர்களை ஒழுங்காகத்தான் கூட்டிவந்திருந்தான். ஒரு மூலைகூட விட்டுப்போகக் கூடாதென்று எல்லாரையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்தி, வயலின் அகலம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி, கீழேயிருந்து மேலே நடத்திக்கொண்டிருந்தான். நாற்பது பேர் இருக்கும். "ஐயா! சத்தம் கேக்குதா ஐயா?" என்று கூப்பிட்டுக்கொண்டே ஈரப் புல்லை மிதித்து மிதித்து ஏறினார்கள். ஒருவர் தோளில் ஒரு குழந்தைகூட உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு நேர் மேலே, நூறு கஜத்தில், அந்த இடம். அதற்கும் மேலே, சுவர்மேல் ஏறி நின்றுகொண்டு மேவிஸ் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள்.

நிற்கச் சொல்லித்தான் வீசினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, குரல் எட்டவில்லை. கீழே இருப்பவர்களுக்கு, சீக்கிரம் வா என்று கூப்பிடுகிற மாதிரித்தான் அது தெரிந்தது. வரிசை ஓட ஆரம்பித்தது.

நான் ஹாரனை அழுத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

மேவிஸுக்குப் புரிந்துவிட்டது. கையைச் சட்டென்று கீழே போட்டாள். சுவரிலிருந்து இறங்கி, மேய்ச்சலின் மேல் ஓரமாக, சுவரை ஒட்டியே எங்கள் பக்கம் ஓடிவந்தாள். எழுபத்தொரு வயது, மழைக்கோட்டு காலைத் தட்ட, இடுப்பில் கத்தரி ஆட. ஓடிக்கொண்டே மறுபடி கையை வீசினாள், இந்த முறை கேட்டைக் காட்டி.

"இந்தப் பக்கம்! கிழவர் இங்க இருக்கார்! இங்க விழுந்து கிடக்கார்! எல்லாரும் இங்க வாங்க!"

நானும் கேட்டின்மேல் ஏறி நின்று கத்தினேன். "இங்கதான்! இங்க வாங்க!" கிளைவும் கத்தினான்.

வரிசை கலைந்தது. ஒருவர் திரும்பினார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள், பிறகு மொத்தக் கூட்டமும் வயலுக்குக் குறுக்கே எங்களை நோக்கி ஓடிவந்தது. மேல் வரிசையில் இருந்த இருவர் குழிக்கு எவ்வளவு பக்கத்தில் திரும்பினார்கள் என்று நான் அளந்து பார்க்கவில்லை, அளக்கவும் விருப்பமில்லை. வந்தவர்களைக் கேட் வழியாக வண்டிப்பாதைக்கு இழுத்து விட்டோம். "எங்கே, ஆள் எங்கே?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்கள்.

மேவிஸ் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள். வயலுக்குள் விரலை நீட்டினாள்.

ஜாஸ்பர் திரும்பவில்லை. ஐந்தாம் தாண்டுபடிகிட்ட என்றுதானே சொன்னார்கள், அதைப் பார்க்காமல் வரக்கூடாது என்று அவன் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். பிறகு நின்றான். அவனுக்கு முன்னால் வாளி அகலத்தில் இருந்தது இப்போது வண்டிச் சக்கர அகலம். அதன் ஓரத்தில் குனிந்து, "ஐயா?" என்று ஒலிபெருக்கியை உள்ளே வைத்துக் கூப்பிட்டான்.

வண்டியில் இருந்த இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு, முடிந்த தூரம் போனேன். கால் வைக்கிற இடமெல்லாம் லேசாக ஆடியது.

"படு!" என்றேன். "வயித்தைத் தரையில வச்சுப் படுய்யா!"

"லென்? அவர் உள்ள விழுந்துட்டார்! சத்தமே இல்ல! யாராவது இறங்கிப் பாக்கணும்..."

"யாரும் விழல. படு!"

"மேவிஸ் சொன்னாங்களே, கிழவர்..."

"நீ நிக்கிற இடம்தான்யா கிழவன்! உன் காலுக்குக் கீழ இருக்கறதுதான் கிழவன்! படுடா!"

ஒரு நொடி என்னைப் பார்த்தான். எட்டு மாதமாக நாங்கள் சொன்ன எல்லா வார்த்தையும் அந்த முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இடம் மாறி உட்கார்ந்தது. பிறகு படுத்தான். கயிற்றை எறிந்தேன். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். இழுத்தேன், என் பின்னால் கிளைவ் இழுத்தான், அவன் பின்னால் அந்த வெளியூர்க்காரர்கள் இழுத்தார்கள். எங்கள் கால்வரை அவன் வந்து சேர்ந்தபோது, பின்னால் பெரிய மிருகம் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். புல், மண், சுவர், நான் கட்டிய தாண்டுபடி, மேவிஸின் நாற்காலி, எல்லாம் ஒரே அசைவில் இல்லாமல் போயின. கீழே போய் விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது அது தண்ணீர்ச் சத்தம்.

தோளில் இருந்த குழந்தை, "இன்னொரு தடவை" என்றது.

ஜாஸ்பருக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்தது. அவனை வண்டியில் ஏற்றினேன். மேவிஸ் கூட்டத்தை நடத்திக்கொண்டு ஊருக்கு இறங்கினாள். கிளைவைக் கேட்டில் காவல் நிற்கச் சொன்னோம். அவன் நின்றான், மறுக்க முடியாது. கீழ் வழியில் ஒருவரையும் விடவில்லை. மேட்டிலிருந்து இறங்குகிற மேல் வழியைப் பற்றி எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சுற்றி வளைக்கும்வரை அரை மணி நேரம் அது திறந்தே கிடந்தது.

தீயணைப்புக்காரர்கள் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அறுபது அடியில் தண்ணீர், அதில் மண்ணும் மரக்கட்டையும் மிதக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றார்கள். அவர்களுடைய அதிகாரி ஹாலுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மொத்தம் எத்தனை பேர் வயலுக்குள்ள போனாங்க?"

ஜாஸ்பர் எதையும் எழுதி வைக்கிறவன், இதை எழுதவில்லை. நாற்பது என்றேன் நான். முப்பது என்றார் ஒருவர். மேவிஸ் எழுந்து வெளியே போனாள்.

பஸ்காரர்கள் தலையெண்ணினார்கள், ஒன்பது பஸ்ஸும் சரி. கூடாரக்காரர்கள் சரி. மிச்சம் காரில் வந்தவர்கள். கார்கள் நிறுத்தியிருந்தது கிணற்றுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில். மேவிஸ் அதன் வாசலில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு காராக வெளியே போகும்போதும் குனிந்து உள்ளே பார்த்து, "எல்லாரும் இருக்கீங்களா கண்ணு? வந்தவங்க எல்லாரும்?" என்று கேட்டாள். இரண்டு மணிக்கு அறுபது கார் இருந்தது. நாலு மணிக்குப் பதினேழு. ஐந்தரைக்கு ஒன்று.

நீலக் கலர், சின்னக் கார். பின் சீட்டில் ஒரு கம்பளி, கண்ணாடிக்கு முன்னால் மேவிஸ் எழுதிய தாளை வைக்கிற காகித உறை. உறை காலி.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"கீழ இருக்கறவங்களுக்குக் குளிருமா லென்?"

"யாரும் இல்ல மேவிஸ்."

"நீ செவ்வாக்கிழமையும் இப்படித்தான் சொன்னே."

பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ஆறரைக்கு மேல் இருக்கும். புல்வெளியின் மறு கோடியில் ஒரு ஆணும் பெண்ணும் நாயோடு வந்தார்கள். நடுவயது, முழங்கால்வரை சேறு, அந்த அம்மாள் கையில் எங்கள் தாள். வருகிறபோதே கோபம்.

"இதை எழுதினவங்க யாருங்க இங்க? நாங்க மேலேயிருந்து தலைகீழா நடந்து வந்தோம். ஏழு தாண்டுபடின்னு போட்டிருக்கு. ஏழாவது இருக்கு, ஆறாவது இருக்கு. அஞ்சாவது இல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரர் கால் மணி நேரமா சுவரைப் பிடிச்சுக்கிட்டே தேடினார்."

புருஷன் சமாதானமாக, "சுவரு அங்க இடிஞ்சிருந்துச்சு. பள்ளமா இருந்துச்சு. தாண்டிடலாம்னுதான் பாத்தேன், இந்த நாய் படுத்துக்கிட்டு வரவே மாட்டேன்னுடுச்சு. இழுத்துப் பாத்தேன், கடிக்க வருது. அப்புறம் மத்தியானத்துலேருந்து மேட்டைச் சுத்தி, வழி தப்பித் தப்பி வர்றோம், ஏழு மைல்!" என்றார்.

"எவ்வளவு கிட்டப் போனீங்க?" என்று மேவிஸ் கேட்டாள்.

"இதோ, இந்தக் கார் நீளம்."

மேவிஸ் அந்த அம்மாள் கையிலிருந்த தாளை வாங்கினாள். நாலாக மடித்தாள். "மன்னிச்சுக்குங்க கண்ணு, தப்பா எழுதிட்டேன்" என்றாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு போனார்கள். போன பிறகு அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி என் வாசலில் நின்றாள். கையில் ஆணி பிடுங்கும் கம்பி. பொதுப் பாதையில் அம்புக்குறியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தைச் சொல்லி இருபத்துநாலு வருடம் பண்ணைக்காரர்களை மிரட்டியவள் அவள். கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனோம். அவள் பிடுங்கினாள், நான் சாக்கில் போட்டேன். டீக்கடையைத் தாண்டும்போது கிளைவ் கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டான். அடுத்த மாதம் ஆபீஸ்காரர் வந்து யார் பிடுங்கியது என்று ஊரெல்லாம் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை, ஜாஸ்பருக்கும்கூட.

கடைசி அம்பு வண்டிப்பாதைக் கேட்டுத் தூணில் இருந்தது. நாலு ஆணி. மூன்று வந்தது. நாலாவதைப் பிடுங்கும்போது மேவிஸ் கையை நிறுத்தினாள். தார் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தோம், குழி இருநூறு கஜம் தள்ளி.

"கேளு" என்றாள்.

சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காலுக்கடியில், ரொம்பக் கீழே, தண்ணீர் ஓடுகிற சத்தம். ரோட்டுக்குக் கீழேயும் கிழவன் இருந்தான்.

"எந்தப் பக்கம் போகுது?"

குனிந்து தாரில் காதை வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று.

"ஊர்ப் பக்கம்" என்றேன்.